வேலூர்ப் பக்கமிருந்து பழம்பெரும் ராக் குழுவின் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியாத்தத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாரதக் கூத்து வரை எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் நின்ற இடங்கள் நிறைய. 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வாசித்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று பாடகர் மிக் ஜாகருக்கு வயது 59. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 61. குழு தொடங்கி நாற்பது வருஷம் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து, எந்தப் பழைய ராக் குழு இந்தியாவுக்கு வருகிறது என்றாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வயதான பிறகு போய்ப் பார்த்து என்ன இருக்கிறது? ரெக்கார்டில் கேட்டது போல இருக்குமா?

இருக்காது. அதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

எங்கள் பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். எனக்குத் தெரிந்த ஒரு கூத்து வாத்தியார் அறுபத்தைந்து வயதுக்கு மேலும் துரியோதனன் வேஷம் கட்டினார். இளவயதில் அவர் பாடினால் மைக் இல்லாமலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். நான் பார்த்த காலத்தில் குரல் பாதிதான் இருந்தது. விடியற்காலம் மூன்று மணிக்கு மேல் ஒரு பாட்டு வரும். முதல் அடியை அவர் எடுப்பார், உச்சத்துக்கு ஏறவேண்டிய இடத்தைப் பின்பாட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு, கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்பிச் சனங்களைப் பார்ப்பார். அவ்வளவுதான். பத்துச் சுற்றுச் சுழன்று ஆடின இடத்தில் ஒரே ஒரு சுற்று. ஆனால் அந்த ஒரு சுற்று எங்கே விழவேண்டுமோ அங்கே விழும். கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்காருவான்.

வயதான ராக் குழுவிடம் பார்க்கவேண்டியதும் அதைத்தான். உடம்பு எதையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது, மீதியை வைத்து அவர்கள் பாட்டை எப்படித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். இருபத்தைந்து வயதுக் குழுவிடம் இது கிடைக்காது. அவர்களுக்கு இன்னும் அதற்கான தேவை வரவில்லை.

குரல் இறங்கியிருக்குமே, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் வழி நம் பாட்டுக்காரர்கள் செய்வதேதான்: கட்டையை இறக்குவது. ஐந்து கட்டையில் பாடினவர் நாலரைக்கு வருவது போல, கிதார், பேஸ் கிதார் இரண்டையும் அரைக் கட்டை தளர்த்திச் சுருதி வைத்துக்கொள்வார்கள். சிலர் ஒரு கட்டைகூட இறங்குவார்கள். சாதாரணக் காதுக்குப் பாட்டு கொஞ்சம் கனமாக, இருட்டாகக் கேட்கும், அவ்வளவே. வீட்டில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு உடனே மேடைப் பதிவைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். இதை மோசடி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செம்மங்குடி சீனிவாசய்யர் தொண்ணூறு வயதிலும் கச்சேரி செய்தவர். அவரிடம் போய் யாரும் முப்பது வயதுக் குரலைக் கேட்கவில்லை.

இரண்டாவது, பாட்டையே விட்டுவிடுவது. டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன் 1970ல் பதிவு செய்த 'சைல்ட் இன் டைம்' பாட்டில் அலறல் போல உச்சத்துக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. 2002க்குப் பிறகு அந்தப் பாட்டை அவர் மேடையில் பாடுவதில்லை. ரசிகர்கள் எத்தனை கேட்டாலும் இல்லை. அரைகுறையாகப் பாடி அந்தப் பாட்டைக் கெடுப்பதைவிட அதை ரெக்கார்டிலேயே விட்டுவைப்பது நல்லது என்றுதான் எனக்கும் படுகிறது. மேடையில் எது வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, வரிசை. கடினமான இரண்டு பாட்டு அடுத்தடுத்து வராது. நடுவில் கிதார்காரர் தனியாக ஐந்து நிமிஷம் வாசிப்பார், டிரம்ஸ்காரர் தனி ஆவர்த்தனம் போல ஒன்று வாசிப்பார். அப்போது பாடகர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குகிறார் என்று அர்த்தம். ரோலிங் ஸ்டோன்ஸில் நடுவே கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் இரண்டு பாட்டுப் பாடுவது வெகுகாலப் பழக்கம். கூத்தில் கட்டியங்காரன் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடிப்பாரே, அந்த ஏற்பாடுதான் இதுவும்.

அப்புறம் கூட்டம். எல்லோருக்கும் மனப்பாடமான இடம் வரும்போது பாடகர் மைக்கை நம் பக்கம் நீட்டுவார். தயங்காமல் பாடுங்கள்.

பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லையே. அது அதே குழுதானா?

என்னிடம் அதிகம் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான்.

1968ல் டீப் பர்ப்பிள் தொடங்கியபோது இருந்தவர்களில் இன்று மிச்சம் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவர்தான். ரோலிங் ஸ்டோன்ஸில் பிரையன் ஜோன்ஸ் 1969லேயே இறந்துவிட்டார், பேஸ் வாசித்த பில் வைமன் 1993ல் விலகினார், சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று காலமானார். அயர்ன் மெய்டன் டிரம்ஸ்காரர் நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து, கையைத் திரும்பப் பழக்கி, சுற்றுப்பயணமும் போய்விட்டு, 2024 டிசம்பரில் மேடைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். ஜெனிசிஸ் குழுவின் பில் காலின்ஸ் டிரம்ஸ்காரராகப் பேர் எடுத்தவர். 2022 மார்ச் 26 அன்று லண்டனில் நடந்த கடைசிக் கச்சேரியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அப்பாவின் இடத்தில் டிரம்ஸ் வாசித்தது மகன் நிக்.

நம் ஊர்க் கூத்து ஜமாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் போவார், மகனோ சிஷ்யனோ வருவான். ஆர்மோனியக்காரர் மாறுவார், முகவீணைக்காரர் மாறுவார். ஜமாவின் பெயர் மாறாது. ஊர்க்காரர்கள் 'அந்த ஜமாவைக் கூப்பிடு' என்றுதான் சொல்வார்கள். ஆட்டமுறையும் பாடாந்தரமும் கைமாறி வந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. என் கணக்கும் அதுதான். பழைய ஆள் ஒருவராவது நடுவில் நின்று, புதியவர்கள் அவர் தாளத்துக்கு வாசித்தால் அது அதே குழு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிற குழுக்களும் உண்டு, அதற்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

மேடைக்கு முன்னால் அல்ல. மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, ஒலி மிக்சர் வைத்திருக்கும் கூடாரத்தைத் தேடுங்கள். கச்சேரியின் ஒலியைச் சரிசெய்கிறவர் அங்கேதான் இருக்கிறார். அவர் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாம் வைக்கப்படும். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் நல்ல இடம்.

2003ல் இது எனக்கே தெரியவில்லை. தாமதமாக உள்ளே போனதால் மிகப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பெரிய திரையில் சார்லி வாட்ஸின் கையைக் காட்டினார்கள். குச்சி இறங்குகிறது, சத்தம் பிறகு வருகிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி பிந்தும். பெரிய மைதானங்களில் நடுவழியில் கோபுரம் கட்டி ஸ்பீக்கர் வைப்பார்கள். மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து கேட்கட்டும் என்று அவற்றையும் கணக்குப் போட்டுத் தாமதப்படுத்தி வைத்திருப்பார்கள். ஆகவே பின்னால் நிற்கிறவருக்கு ஒலி தெளிவாகவே இருக்கும், திரையோடு மட்டும் ஒட்டாது.

ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மிக்சர் கூடாரம் வரை வந்துவிட்டேன். அங்கே வந்ததும் கையும் ஒலியும் சேர்ந்தன. அப்போதுதான் அதைப் பார்த்தேன். இடது கை ஸ்னேர் டிரம்மில் அடிக்கும் அதே நொடியில், வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டிலிருந்து லேசாக மேலே எழும்பிவிடும். மற்ற டிரம்ஸ்காரர்கள் இரண்டையும் சேர்த்து அடிப்பார்கள். இவர் அந்த ஒரு அடியை விட்டுவிடுகிறார். விட்ட இடத்தில் ஸ்னேர் தனியாக, சுத்தமாக விழுகிறது. தோளில் அசைவே இல்லை, மணிக்கட்டு மட்டும். அவர் முன்னால் இருந்ததும் நம் கல்யாண பேண்டு செட்டில் இருப்பதைவிடச் சிறிய டிரம்ஸ் செட்தான். அன்றிலிருந்து எங்கள் மேளக்காரர்களுக்கு மைக் வைக்கும்போது, அவர்கள் அடிக்காமல் விடும் இடத்தையும் கேட்கப் பழகிக்கொண்டேன்.

எத்தனை மணிக்குத் தொடங்கும்?

சொன்ன நேரத்துக்கு. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. நம் ஊர் விழா போல 'இன்னும் ஒரு மணி நேரம்' என்று இழுக்க முடியாது. முன்னால் வேறொரு குழு வாசிக்கும். முக்கியக் குழு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம்.

புதுப் பாட்டு வாசித்தால் என்ன செய்வது?

நின்று கேளுங்கள். புதுப் பாட்டு என்று அறிவித்ததும் சனங்கள் தண்ணீர் வாங்கவும் கழிப்பறைக்கும் கிளம்பிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் 2023ல் புது ஆல்பம் வெளியிட்டபோது ஜாகருக்கு 80 வயது. ஸ்கார்பியன்ஸ் 2022ல், ஜூடாஸ் பிரீஸ்ட் 2024ல் புது ஆல்பம் கொண்டுவந்தார்கள். பழைய பாட்டை அவர்கள் இளவயதுக் குரலுக்கு எழுதினார்கள். புதுப் பாட்டை இன்றைக்கு இருக்கும் குரலுக்கு எழுதியிருக்கிறார்கள். அன்றைய கச்சேரியில் பாடகர் சிரமமே இல்லாமல் பாடுவது பெரும்பாலும் அந்தப் பாட்டாகத்தான் இருக்கும்.

போவதற்கு முன் கடைசி ஆல்பத்தை நாலு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆங்கிலம் சரியாகப் புரியாது. போகலாமா?

நான் தமிழ் மீடியம். பாட்டு வரிகள் இன்றைக்கும் எனக்குப் பாதிதான் பிடிபடும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1999ல் மிசோரத்திலிருந்து அம்மாவின் வைத்தியத்துக்காக வந்திருந்த ஒரு பையன், ரிப்பேரான டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நான் வேலை கற்றுக்கொண்டிருந்த கடைக்கு வந்தான். பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். ஓடுகிறதா என்று பார்க்க அவன் போட்ட கேசட் ஸ்கார்பியன்ஸ். ஆரம்பத்தில் ஒரு விசில் வரும். கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கேசட்டைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு ராக் வந்த வழி இதுதான்.

பிறகு தெரிந்துகொண்டேன், அந்த 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாட்டைப் பாடிய கிளவுஸ் மைனேயின் தாய்மொழியும் ஆங்கிலம் அல்ல, ஜெர்மன். 1989ல் மாஸ்கோவில் வாசித்துவிட்டு வந்த அனுபவத்தில் அதை எழுதினார்.

காதுக்குப் பாதிப்பு வருமா?

வரும். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிஷம்தான். ராக் கச்சேரி 100க்குப் பக்கத்திலோ மேலேயோதான் நடக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காது அடைப்பான் போதும். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் வாசலில் செருகிக்கொண்டு 'ஒன்றும் குறையவில்லை' என்கிறார்கள். பாட்டு கேட்காமல் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம், இரைச்சல் அடங்கிப் பாடகரின் சொல் இன்னும் தெளிவாகக் கேட்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் காதை முழுக்க மூடும் ஹெட்போன் மாதிரியான கவசம் மாட்டிவிடுங்கள்.

என் இடது காதில் பல வருஷமாக ஓயாமல் ஒரு ரீங்காரம். இரவில் ஃபேனை நிறுத்தினால் அதுதான் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று வந்தது. கச்சேரி முடிந்த மறுநாள் காது அடைத்தது போல இருந்தால் பொதுவாகச் சரியாகிவிடும். இரண்டு நாளுக்கு மேலும் ரீங்காரமோ மந்தமோ இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

வேலூரிலிருந்து எப்படிப் போய்த் திரும்புவது?

பெங்களூர் சுமார் 210 கிலோமீட்டர். காட்பாடியில் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம். லால்பாக் எக்ஸ்பிரஸ் வேண்டாம், அது போய்ச் சேரும்போது கச்சேரி முடிகிற நேரம். இப்போது பெரிய நிகழ்ச்சிகள் பல ஊருக்கு வெளியே நடக்கின்றன. தும்கூர் ரோட்டு மைதானம் என்றால் மெஜஸ்டிக்கிலிருந்து மாதாவரா வரை மெட்ரோ உண்டு.

சிக்கல் திரும்புவதில். மைதானத்திலிருந்து வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகவே இரவு சென்னை மெயிலை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். சில்க் போர்டு பக்கம் வந்துவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வேலூருக்கு விடிய விடிய பஸ் இருக்கும். கூட்டத்தில் போன் வேலை செய்யாது. உள்ளே போகும்போதே பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு. இந்தக் குழு என்றால் உயிர். கூட்டிப்போகலாமா?

கட்டாயம். மேடையில் இருப்பவர்களுக்கு அவரைவிட வயது அதிகம். நாற்காலி உள்ள பகுதிக்கு டிக்கெட் வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் ஐந்து மணி நேரம் நிற்க முழங்கால் ஒத்துழைக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்துப்போங்கள், வாசலில் பையைச் சோதிப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து வந்துவிட்டால் நெரிசல் இருக்காது என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கடைசிப் பாட்டுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்திருப்பார். எல்லோரும் போகட்டும், உட்கார்ந்திருந்து மெதுவாக வெளியே வாருங்கள்.

'இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம்' என்கிறார்களே, நம்பலாமா?

ஸ்கார்பியன்ஸ் 2010ல் விடைபெறும் பயணம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 2003ல் ரோலிங் ஸ்டோன்ஸைப் பார்த்தபோது இனி எங்கே வரப்போகிறார்கள் என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டோம். இருபத்தொரு வருஷம் கழித்து, 2024ல்கூட அமெரிக்கா முழுக்கச் சுற்றி வாசித்தார்கள். ஆகவே அறிவிப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆனால் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத் குழு வாசித்தது. தொடங்கிய நால்வரும் ஒரே மேடையில். பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்குப் பார்க்கின்சன் நோய், எழுந்து நிற்க முடியாது. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்து, தான் பிறந்து வளர்ந்த பகுதியின் சனங்களுக்கு முன்னால் பாடினார். பதினேழு நாளில், ஜூலை 22 அன்று இறந்துபோனார். வயது 76. அந்தப் பதிவை நான் பார்த்தேன். உடம்பு சிம்மாசனத்தை விட்டு எழப் பார்க்கிறது, முடியவில்லை. ஆனால் கையைத் தட்டச் சொல்லிக் கூட்டத்தைக் கிளப்புவதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் சொன்ன கூத்து வாத்தியார் கடைசியாகத் துரியோதனன் கட்டிய இரவு எனக்கு ஆம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் வேலை. 'இந்த வருஷம் நீ வாடா, நானே மைக் முன்னால நிக்கிறேன்' என்று ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று கிடைத்த வாடகை 1,800 ரூபாய். கணக்கு நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.